ஒபராவில் முகம் காட்டியவர்கள்

வியாழக்கிழமை விடிய, வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அப்போது பின்னேரமாகியிருந்த மன்னாரிலிருந்து பத்திநாதர் அண்ணை ரெலிபோன் எடுத்தார். அவர் என் அக்காவின் அயல்வீட்டுக்காரர். சும்மா சுகம் விசாரிக்கக் கனடாவுக்கு எடுக்கிற மனிதர் இல்லை. குரலைக் கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது.

"பிலோமினம்மா மோசம் போட்டா, பிள்ளை. மத்தியானம் சாப்பிட்டுப்போட்டுப் படுத்தவ, எழும்பேல்லை. இஞ்சை நிலைமையும் சரியில்லை. நாளைக்குப் பின்னேரமே அடக்கம் எண்டு பங்குச் சுவாமி சொல்லிப்போட்டார்."

"ஓம் அண்ணை" என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் வெறும் மேஸ். அழுகை வரவில்லை. ஐயோ, சனிக்கிழமை பிள்ளையின் பாட்டு அல்லவா என்பதுதான் முதலில் வந்த நினைப்பு. கூடப் பிறந்தவள் செத்த செய்தியைக் கேட்டு ஒருத்திக்கு இப்படியும் நினைப்பு வருமா என்றால், வந்தது. ஐம்பத்துமூன்று வயதில், இரண்டு முழங்காலும் நோகிற ஒருத்திக்கு எதுவும் ஒழுங்கான வரிசையில் வருவதில்லை.

பிள்ளை என்றது பிரியந்தியை, என் ஒரே மகளை. அவளை இரண்டு வயதில் அக்காவின் கையில் கொடுத்துவிட்டு நானும் என் மனிசன் அம்புறோசும் கனடாவுக்கு வந்தோம். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். கடதாசிகள் சரிவர எட்டு வருஷம் எடுத்தது. மிராபெல் விமான நிலையத்தில் பத்து வயதுப் பிள்ளையாக இறங்கி வந்தவள், என்னைப் பார்த்து, "வணக்கம் அன்ரி" என்றாள். பெற்றது நான், வளர்த்தது கலியாணமே கட்டாத என் அக்கா. இதில் யார் தாய் என்று நான் ஒருவரோடும் வாதாடப் போனதில்லை. போனால் தோற்றுவிடுவேன்.

பிரியந்தி கோயில் பாடற்குழுவில் பாடுகிறவள். புவாண்ட்-கிளேரில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை. அங்கே பல்லுக் காட்ட வந்த ஒரு இத்தாலியக் கிழவி, இவள் ஏதோ முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டுத் தன்னுடைய ஒபரா என்ற பாட்டு நாடகக் குழுவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பென்சன் எடுத்தவர்களும் பள்ளிக்கூட ரீச்சர்மாரும் சேர்ந்த குழு. வருஷத்துக்கு ஒரு ஒபரா, ஒரே ஒரு நாள், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். மூன்று வருஷம் பின்வரிசையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவளுக்கு இந்த முறை கதாநாயகி வேஷம். அவள் பாடாவிட்டால் அந்தப் பாட்டைப் பாட அங்கே வேறு ஆள் கிடையாது.

கதையை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். யேசுநாதருக்கும் முந்திய காலம், சிசிலித் தீவில் ஒரு நகரம். எதிரிப் படை சுற்றி வளைத்து நிற்கிறது. ராசகுமாரி காதலிப்பது அந்த எதிரிப் படைத் தளபதியை. ஊரில் வேறு ஆள் கிடைக்கவில்லை. அதைக் கண்டுபிடித்த அரசன் மகளுக்கு நஞ்சு வைக்கிறான். அவளைச் சின்ன வயதிலிருந்து வளர்த்த தாதி அதை அறிந்து, கிண்ணத்தை எடுத்துத் தானே குடித்துவிடுகிறாள். ராசகுமாரி அந்தப் பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்து பாடி, மிச்ச நஞ்சைக் குடித்துச் சாகிறாள். குடித்த பிறகும் எழும்பி நின்று பாடுகிறாள். எங்கள் ஊரில் ஒருத்தி நஞ்சு குடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் தேடி ஓடுவார்கள். இங்கே படை, பரிவாரம், அரசன் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

கதை கிடக்கட்டும், பாட்டு வேறு. ஒத்திகை இல்-பிசார் என்ற தீவில் ஒரு பெரிய வீட்டின் நிலக்கீழ் அறையில் நடந்தது. அந்தத் தீவுக்கு பஸ் வருவதே அருமை. ஆகவே வேலை முடிந்த கையோடு அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருப்பேன். நிலத்தோடு ஒட்டிய சின்ன யன்னலால் அந்தக் கடைசிப் பாட்டு வரும். ஒரே மூச்சில் நீண்டு, நடுவில் சுழன்று, மேலே ஏறி, எங்கே மூச்சு எடுத்தாள் என்று தெரியாமல் திரும்பவும் இறங்கி வரும். ஒரு சொல் விளங்காது. ஆனால் பகல் முழுக்க வேலைத்தலத்தில் பெட்டி அடுக்கிய கால்களின் உளைவு அந்த நேரம் கொஞ்சம் விடும். கிழவி அவளுக்கு நெடுகச் சொல்வது ஒன்றுதானாம்: நீ அழக்கூடாது, அழுதால் குரல் உடைந்துவிடும், நீ அழகாகப் பாடு, அழுவது கேட்கிறவர்களின் வேலை. எங்கள் ஒப்பாரிக்கு இது நேர் எதிர். எங்களில் அழுகைதான் முதலில், பாட்டு அதற்குப் பின்னால் வரும்.

அம்புறோஸ் டவுன்டவுனில் ஒரு உணவகக் குசினியில் வேலை, பின்னேரம் போகிறவர். நித்திரையில் கிடந்தவரை எழுப்பிச் சொன்னேன். கட்டிலில் எழும்பியிருந்து சிலுவை அடையாளம் போட்டார்.

"பிள்ளைக்குச் சொல்லு" என்றார்.

"சொன்னா பாடமாட்டாள்."

"பாடாட்டிப் போகட்டும். வளத்த தாய், றோசா."

"எனக்குத் தெரியாதோ வளத்த தாய் எண்டு?"

சாவு விழுந்த வீட்டில் நாங்கள் றேடியோ போடுவதில்லை. ரீவியைத் துணியால் மூடிவிடுகிற ஆட்கள் எங்களில் இப்போதும் இருக்கிறார்கள். வருஷம் திரும்பும் வரை மேடை, கொண்டாட்டம் ஒன்றும் இல்லை. அக்கா வளர்த்த வளர்ப்பில் பிரியந்தி இந்த விஷயங்களில் எங்களை விடக் கடுமை. செய்தி தெரிந்தால் அந்த நிமிஷமே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து வீட்டில் குந்திவிடுவாள். வந்தும் என்ன? விமானம் ஏறினாலும் அடக்கம் முடிந்த பிறகுதான் போய் இறங்குவாள். அதையும் இழந்து, இதையும் இழந்து.

இன்னொன்றும் இருந்தது. இரண்டு வயதில் அந்தப் பிள்ளையிடமிருந்து ஒரு தாயைப் பறித்தவள் நான். பத்து வயதில் கனடாவுக்குக் கூப்பிட்டு இன்னொரு தாயையும் பறித்தேன். இப்போது மூன்றாவதாக இந்தப் பாட்டையும் என் கையாலேயே பறிக்க எனக்குத் தெம்பு இல்லை. சனிக்கிழமை பாடி முடியட்டும், மேடையால் இறங்கியதும் சொல்லுவேன். இனிமேல் அவள் என் முகத்திலேயே விழிக்கமாட்டாளோ என்று பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தையும் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தேன்.

"அப்ப நான் ஒபராவுக்கு வரேல்லை" என்றார் அம்புறோஸ். "எனக்கு முகத்தை மறைக்கத் தெரியாது. பிள்ளை கண்டவுடனை பிடிச்சிடுவாள்." சனிக்கிழமைக்கு எடுத்த லீவை அழித்துவிட்டு வேலைக்குப் போக ஒழுங்கு செய்தார்.

பிரியந்தி கடைசி ஒத்திகைகளுக்காகப் புதன்கிழமையே இல்-பிசாருக்குப் போய், தாதியாக நடிக்கிற பெண்ணின் வீட்டில் தங்கிவிட்டாள். அது ஒரு வசதி. ஆனால் ஞாயிறு பூசையில் அக்காவின் பெயரை வாசிக்க வேண்டுமே. அதற்காகச் செபக்குழுத் தலைவி அஞ்சலீனாவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"ஞாயிறு வரைக்கும் ஒருதருக்கும் சொல்லாதேங்கோ, அஞ்சலீனா. வீட்டுப் பக்கம் ஒருதரும் வரக்கூடாது. சனிக்கிழமை பிள்ளை பாடுறாள், அவளுக்கு இன்னும் தெரியாது."

"மாதாவாணை என்ரை வாயாலை வராது, றோசாக்கா."

அஞ்சலீனாவிடம் இரகசியம் சொல்வது கோயில் மணியை அடித்துவிட்டுச் சத்தம் போடாதே என்று சொல்வது போல. அன்று பின்னேரமே ரெலிபோன் அடிக்கத் தொடங்கியது. எடுத்தால், "நாங்கள் வரேல்லை அக்கா, அஞ்சலீனா சொன்னவ, எண்டாலும் மனம் கேக்குதில்லை" என்று மூக்கை உறிஞ்சுகிற சத்தம். நான் எல்லாருக்கும் "பரவாயில்லை, பரவாயில்லை" என்றேன். செத்தது என்னுடைய அக்கா, ஆறுதல் சொன்னதும் நான்தான்.

வெள்ளிக்கிழமை இங்கே விடிய, நான் வேலைக்குப் போக முதல், பத்திநாதர் அண்ணை அடக்கத்தின்போது தன் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேமக்காலையில் காற்றுத்தான் கேட்டது. சுவாமியின் குரல் கொஞ்சம், யாரோ இருமியது கொஞ்சம். மண் போடுவதற்கு முதல் லைன் அறுந்துவிட்டது. திரும்ப அடித்தேன், கிடைக்கவில்லை. வேலைக்குப் போனேன். வீட்டில் நின்றால் அழுதுவிடுவேன். அழுதால் முகம் வீங்கும். வீங்கின முகத்தோடு சனிக்கிழமை பிள்ளையின் முன்னால் போக முடியாது. பெட்டிகளை அடுக்கினேன். களைப்புக்கு ஒரு நல்ல குணம், அழுகையைக் கிட்ட வரவிடாது.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்துக்குப் பின்னால் வகுப்பறையில்தான் வேஷம் போட்டார்கள். பிரியந்தி வெள்ளை உடுப்புப் போட்டு, தலையில் தங்க நிறத் தகட்டு இலைக் கிரீடம் வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சின்னக் கதிரையில் இருந்தாள். கண்ணுக்கு மை போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்பா எங்கை?"

"அவருக்கு லீவு குடுக்கேல்லை."

"எண்டைக்குத்தான் குடுத்தவங்கள்?" கொஞ்சம் முகம் சுண்டிப்போய்ப் பிறகு சொன்னாள். "நாளைக்குப் பெரியம்மாவோட கதைக்கோணும், மம்மி. போன கிழமை எடுக்கேக்கை சொன்னா, கனடாவிலை போய் நிண்டும் செத்தவீட்டுப் பாட்டோ பாடுறாய் எண்டு. எப்பிடிப் பாடினன் எண்டு சொல்லோணும்."

"ஓம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பாரமான ஓம் அதுதான். கிரீடம் சரிந்திருக்கிறது என்று சொல்லி அதைத் திருத்துவது போல அவள் தலையைத் தொட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் என் இடம். உட்கார்ந்து கால்களை நீட்டும்போது பின்கதவால் அஞ்சலீனா வந்தாள். அவளுக்குப் பின்னால் புஷ்பராணி. அவளுக்குப் பின்னால் செபக்குழு முழுவதும், மனிசன்மார், இரண்டு கைக்குழந்தை. குளிருடுப்புக்குக் கீழே எல்லாருக்கும் வெள்ளைச் சீலை, சாம்பல் சீலை.

எங்கள் ஆட்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது. சாவு காதில் விழுந்தால் போய் முகம் காட்ட வேண்டும். கலியாணத்துக்கு வராதவனை மன்னிப்போம். செத்தவீட்டுக்கு வராதவனை அவன் செத்தாலும் மன்னிக்கமாட்டோம். வீட்டுக்கு வரவேண்டாம் என்று நான் சொன்னேன். ஒபராவுக்கு வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரிக்கெற் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவராக என் முன்னால் நின்று, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, ஒரு சொல்லும் பேசாமல், தலையை ஆட்டிவிட்டுப் போய் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கோற் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் ஆட்களுக்கு இடம்காட்டி இருத்திக்கொண்டிருந்தாள். எனக்கு ஏதோ பரிசு கிடைத்திருக்கிறது என்று நினைத்து அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். புஷ்பராணி பெரிய பை ஒன்றைக் காலடியில் வைத்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்திருக்கிறாள். வாசம் முதல் வரிசை வரைக்கும் போனது.

"பிள்ளை பாத்திடும், போங்கோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"நாங்கள் பாட்டுக் கேக்கத்தானே வந்தனாங்கள்" என்றாள் அஞ்சலீனா. "ஒரு சத்தம் வராது, றோசாக்கா."

எனக்குக் கோபம் வந்தது. கோபப்படவும் களைப்பாக இருந்தது. அதோடு, உண்மையைச் சொன்னால், என் இரண்டு பக்கத்திலும் ஆட்கள் வந்து இருந்தது சுகமாகவும் இருந்தது. விளக்கை அணைத்தார்கள்.

முதல் இரண்டு அங்கமும் ஒழுங்காகப் போயின. பிரியந்தி கூட்டத்தைக் கண்டுகொண்டாள். ஒருநாளும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத கோயில் சனம் முழுவதும் தன் பாட்டுக்கு வந்திருக்கிறதே என்று, அரசனின் முன்னால் நடுங்க வேண்டிய இடத்தில் அவளுக்கு முகம் மலர்ந்தது.

பிறகு தாதி நஞ்சைக் குடித்து விழுந்தாள். பிரேதத்தைக் கொண்டுவந்து மேடையின் நடுவில் கிடத்தினார்கள். பிரியந்தி தலைமாட்டில் முழந்தாளிட்டு, செத்தவளின் நெற்றியைத் தடவிக்கொண்டு தொடங்கினாள். காருக்குள் இருந்து நான் எத்தனையோ தரம் கேட்ட பாட்டு. யன்னல் இல்லாமல் நேரே வந்தபோது நான் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் சனத்துக்கு இத்தாலி மொழி தெரியாது. ஆனால் ஒரு பிரேதம், தலைமாட்டில் ஒரு பெண், அவள் பாடுகிறாள். இதற்கு மொழி வேண்டுமா? அதுவும் வளர்த்த தாய் செத்தது தெரியாத பிள்ளை என்று தெரிந்துகொண்டு பார்க்கிறார்கள். முதலில் புஷ்பராணி. கையைத் தலையில் வைத்தாள். பிறகு அஞ்சலீனா முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். "ஐயோ என்ரை பிள்ளை" என்று யாரோ வாய்க்குள் சொன்னார்கள். அடுத்த நிமிஷம் வரிசை முழுவதும் அழுதது. அடக்கிய அழுகை, தோள் குலுங்குகிற அழுகை. அஞ்சலீனா ஒரு பக்கத்தால், புஷ்பராணி மறுபக்கத்தால் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். முன்னால் இருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்து, எங்கள் சனத்தின் ரசனையைக் கண்டு தாங்களும் கண்ணைத் துடைத்தார்கள்.

சின்ன மண்டபம். மேடை வெளிச்சம் மூன்றாவது வரிசை வரை விழுந்தது. பிரியந்தி நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

எங்களில் ஒருத்தியை இரண்டு பக்கத்தாலும் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதால், நடுவில் இருக்கிறவள் சாவு வீட்டுக்காரி. இதை எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவள் கை பிரேதத்தின் நெற்றியில் நின்றுவிட்டது. அவள் கண் என்னிடம் வந்தது, எனக்குப் பக்கத்தில் தகப்பன் இல்லாத இடத்துக்குப் போனது, திரும்ப என்னிடம் வந்தது. நான் முகத்தை மறைக்கவில்லை. மறைக்க முகத்தில் பலம் இல்லை.

பாட்டு நிற்கப்போகிறது என்று நினைத்தேன். நிற்கவில்லை. அந்த நீண்ட இடம் வந்தது. அவள் மூச்சு எடுத்தாள். இந்த முறை எடுத்தது எனக்குத் தெரிந்தது. குரல் ஏறியது. ஒரு நடுக்கம் இல்லை, ஒரு கீறல் இல்லை. கண்ணில் ஒரு துளி இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு, கல்லைப் போலப் பாடினாள். கிண்ணத்தை எடுத்துக் குடித்தாள், எழும்பி நின்று பாடினாள், விழுந்தாள். எனக்கு அது தாங்கமுடியாமல் இருந்தது. அழுதுகொண்டு ஓடிவந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். மண்டபம் எழும்பி நின்று கை தட்டியது. எங்கள் வரிசை மட்டும் தட்டவில்லை. செத்தவீட்டில் யார் கை தட்டுவார்கள்?

வகுப்பறைக்கு முன்னால் நடைபாதையில், பிள்ளைகளின் சித்திரங்கள் ஒட்டிய சுவரோரம் நின்றோம். அவள் கிரீடத்தோடு வந்தாள். மை கரையாமல் போட்டபடியே இருந்தது.

"ஆர்?" என்றாள். "அப்பாவோ, பெரியம்மாவோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் பிள்ளைக்கு யார் என்று தெரியாது.

"பெரியம்மா" என்றேன்.

"எப்ப?"

"வியாழக்கிழமை. நித்திரையிலை."

"அடக்கம்?"

"நேற்று முடிஞ்சுது."

அவள் தலையை ஆட்டினாள்.

"நீ பாடாமல் விட்டிடுவாய் எண்டுதான், பிள்ளை..."

"ஆர் சொன்னது?" குரல் எழும்பவில்லை, எழும்பியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நான் பாடியிருப்பன். அவவுக்கெண்டு பாடியிருப்பன். இப்ப பாதிப் பாட்டை ஒரு இத்தாலிக் கதைக்குப் பாடினன். மிச்சப் பாதியை அப்பாவுக்கோ பெரியம்மாவுக்கோ எண்டு தெரியாமல் பாடினன். அது ஒருதருக்கும் போய்ச் சேரேல்லை, மம்மி."

அஞ்சலீனா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். புஷ்பராணி அவள் கையைக் கிள்ளினாள். பிரியந்தி என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"நீங்கள் அழுதனீங்களோ?"

"இல்லை."

"ஒருக்காலும் இல்லையோ?"

"வேலைக்குப் போனன், பிள்ளை."

அவள் கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்தாள். அவ்வளவு மென்மையாக ஒன்றும் இழுக்கவில்லை.

"உங்கடை அக்கா. இப்ப அழுங்கோ" என்றாள். "கோவத்தை நான் பிறகு பாக்கிறன்."

நான் "அக்கா" என்று கத்தினேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்காது. கிழவி ஓடிவந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சுவரோடு ஒதுங்கி நின்றாள். பெண்கள் எல்லாரும் சுற்றிவரக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எல்லாரையும் விடச் சத்தமாக, எந்த அழகும் இல்லாமல், குரல் உடைந்து அழுதது என் மகள்தான்.

சொன்ன சொல் தவறாத பிள்ளை. ஞாயிறு பூசை முடிந்து, வந்த சனம் எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு கோபித்தாள். நத்தார்ப் பண்டிகை வரை என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.